உத்தியோகமும் மனப்பரீட்சையும்

உத்தியோகம் வேண்டி விண்ணப்பம் செய்யும் நம் வாலிபர்க்கு இந்நாளில் புதியதோர் அச்சம் தோன்றியுள்ளது. முன்னெல்லாம் கணக்கும் இலக்கணமும் பூகோளமும் கற்றுப் பரீட்சை எழுதினால் போதும் என்றிருந்தது. இப்போதோ ரயில் நிலைய அதிபர் வேலைக்கும், சேனையில் அதிகாரி பதவிக்கும், கம்பெனிகளிற் கணினி வேலைக்கும், கற்ற கல்வியோடு மனத்தின் இயல்பையும் அளந்தே ஆளைத் தெரிந்தெடுக்கின்றனர். இதனைச் ‘சைக்கோமெட்ரிக் டெஸ்ட்’ என வழங்குவர். யாம் இக்கட்டுரையில் மனப்பரீட்சை என்றே குறிப்போம். “பாடப்பரீட்சைக்குப் புத்தகம் உண்டு, மனப்பரீட்சைக்கு எதைப் படிப்பது?” என்று எம்மிடம் பயின்று வெளிச்சென்ற மாணவர் வினவுகின்றனர். பெற்றோரோ இன்னும் ஒரு படி மேற்சென்று, “என் மகன் இதில் தவறினானே, அவனுக்கு அறிவு குறைவோ? நம் குலத்துக்கே இது வாராதோ?” என்று மனம் நோகின்றனர்.

இவ்விரு வினாக்களுள் முன்னதற்கு விடை கூறுதல் எளிது. பின்னதற்கு விடை கூறாது விடுதல் பெரும் பிழையாகும். இரண்டற்கும் விடை சரித்திரத்தில் உள்ளது. ஆதலின் ஆளை ஆராய்ந்தெடுக்கும் வழக்கம் நம் நாட்டில் எவ்வாறு இருந்தது, மனத்தை அளக்கும் கோல் எங்கே பிறந்தது, அஃது எவ்வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது என்பவற்றை முறையே ஆராய்வாம்.

ஆளைச் சோதித்துப் பணியில் அமர்த்துதல் மேல்நாட்டார் நேற்றுக் கொணர்ந்த புதுமையன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், மைசூரிற் கிடைத்த சுவடியினின்று ஆர். சாமசாஸ்திரியாரால் 1909ஆம் ஆண்டிற் பதிப்பிக்கப் பெற்றது. அதன் முதற் பகுதியில் அமைச்சரைச் சோதிக்கும் முறைகள் நான்கு சொல்லப்படுகின்றன. தருமத்தைக் காட்டியும், பணத்தைக் காட்டியும், காமத்தைக் காட்டியும், பயத்தைக் காட்டியும் ஒருவன் அரசனுக்கு மாறாகத் திரிகின்றானா என அறிதலே அவை. இதனினும் நாம் கவனிக்கத்தக்கது அடுத்து வருவது. தருமச் சோதனையில் தூயனென்று கண்டவனை நியாய ஸ்தலத்திலும், பணச் சோதனையில் தேறியவனை வரி தண்டும் தொழிலிலும் பொக்கிஷத்திலும், காமச் சோதனையில் நிலைத்தவனை அரசனுடைய கேளிக்கையிடங்களின் காவலிலும், பயச் சோதனையில் கலங்காதவனை அரசனுக்கு அணுக்கமான பணிகளிலும் அமர்த்துக என்று அந்நூல் விதிக்கின்றது. நான்கிலும் தேறியவனே மந்திரியாதற்கு உரியன். ஒன்றிலும் தேறாதவனையும் துரத்திவிடச் சொல்லவில்லை. சுரங்கம், காடு, தொழிற்சாலை முதலிய இடங்களில் வேலை கொடுக்கச் சொல்கின்றது.

இந்நான்கு சோதனைகளும் திருக்குறளின் 51ஆம் அதிகாரத் தொடக்கத்திற் சுட்டப்பட்டிருத்தலையும், பரிமேலழகர் அவற்றை விரித்துரைத்தலையும் தமிழ் கற்றார் அறிவர். அவ்வதிகாரத்தின் பெயர் ‘தெரிந்து தெளிதல்’. அதனையடுத்து 52ஆவதாக வைக்கப்பட்டது ‘தெரிந்து வினையாடல்’. ஆளை ஆராய்ந்து தெளிதல் முன்னது; தெளிந்தபின் அவனவனுக்கு ஏற்ற வினையில் ஏவுதல் பின்னது. இவ்வைப்பு முறையிலேயே ஒரு பெருங்கருத்து அடங்கியுள்ளது. சோதனை என்பது மனிதனுக்கு விலை குறிப்பதற்கன்று. இன்ன மனிதன் இன்ன வேலைக்குப் பொருந்துவான் என்று காண்பதற்கே என்பது அக்கருத்து. பின்வரும் சரித்திரம் முழுமைக்கும் இதுவே உரைகல் என்க.

நிற்க. அரசனது அவையை விட்டு ஊர்ச்சபைக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன, இவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையில் வாரியத்தாரைத் தெரிந்தெடுக்கும் விதிகள் அவற்றில் வெட்டப்பட்டுள்ளன. பிந்திய கல்வெட்டின்படி, ஓலையிற் பெயர் எழுதப் பெறுவோன் 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்குட்பட்டவனாதல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவனாகவும், வேத நூலறிவு உடையவனாகவும் இருத்தல் வேண்டும். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். தகுதியுடையார் பெயர்களைக் குடத்திலிட்டுக் குலுக்கி, எழுத்தறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர்.

கணக்குக் காட்டாதவனை விலக்கிய நேர்மையைப் போற்றாதார் இல்லை. அஃது ஒழுக்கத்தைச் செய்கையால் அளந்த அளவையாகும். ஆயினும் நிலமும் மனையும் வேதமும் இல்லாத பெருங்கூட்டத்தார் அக்குடத்தின் அருகேயும் செல்ல இயலவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. நம் முன்னோருட் பலர் அக்கூட்டத்தில் நின்றவரே. ஆதலின் எந்தப் பரீட்சையை நோக்கினாலும் இரண்டு வினாக்களைக் கேட்டல் வேண்டும். பரீட்சை மண்டபத்தின் வாயிலில் யாரை உள்ளே விடுகின்றனர்? உள்ளே கேட்கும் கேள்வி செய்யப்போகும் வேலைக்கு உரியதுதானா? இவ்விரண்டும் நேராயின் பரீட்சை நேராகும்.

கும்பினியார் ஆட்சியில் முறை தலைகீழாக மாறிற்று. 1812ஆம் ஆண்டு சென்னையில் எப். டபிள்யூ. எல்லிஸ் துரையின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் உத்தியோகஸ்தர் தமிழ், தெலுங்கு முதலிய தேச பாஷைகளைக் கற்றுப் பரீட்சையில் தேறுதற்கென அமைந்தது அது. 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் வசனத்தில் வெளியிட்ட தாண்டவராய முதலியார் அங்குத் தமிழ்ப் புலமை நடத்தியவர். ஆளவந்தவன் ஆளப்படுவோன் மொழியிற் பரீட்சை கொடுத்த காலம் ஒன்று இருந்தது என்பது தமிழாசிரியர் நினைந்து மகிழத்தக்கது. குடிகளோடு பேசவேண்டிய வேலைக்குக் குடிகளின் மொழியே பரீட்சைப் பொருளாயிற்று. அளவை வேலையோடு பொருந்தியிருந்தது.

1853ஆம் ஆண்டுச் சாசனத்தால் சிபார்சினால் உத்தியோகம் பெறும் வழக்கம் நீங்கிப் போட்டிப் பரீட்சை ஏற்பட்டது. முதற் பரீட்சை 1855இல் லண்டனில் நடந்தது. சட்டப்படி யாவர்க்கும் கதவு திறந்தது. ஆனால் அக்கதவு கடலுக்கு அப்பால் இருந்தது. 1863இல் சத்தியேந்திரநாத தாகூர் இந்தியருள் முதல்வராகத் தேறினார். 1876இல் வயது வரம்பு 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டமையால், இந்திய மாணவர்க்கு வாயில் இன்னும் குறுகியது. இந்தியாவிலும் அப்பரீட்சை நடைபெறத் தொடங்கியது 1922இல்தான், இடம் அலகாபாத். அதன்பின் 1926இல் மத்திய சர்க்காருக்குப் பொதுப்பணித் தேர்வாணையமும், மாகாணங்களுள் முதன்முதலாக 1929இல் சென்னை மாகாணத் தேர்வாணையமும் அமைந்தன. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் வழிவந்ததேயாகும். இவ்வளவும் பாடப்பரீட்சையின் சரித்திரம். இனி மனப்பரீட்சையின் பிறப்பை நோக்குவாம்.

1905ஆம் ஆண்டு இத்துறையில் நினைவுகூரத்தக்கது. ஆயிரத்து முந்நூறு ஆண்டளவு சீன தேசத்தில் நடந்துவந்த உத்தியோகப் பரீட்சை அவ்வாண்டில் ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பாரிஸ் நகரத்து ஆல்பிரெட் பினே என்பார், சிமோன் என்னும் வைத்தியரோடு சேர்ந்து, குழந்தைகளின் அறிவை அளக்கும் 30 செயல்கள் கொண்ட அளவையை வெளியிட்டார். பள்ளியிற் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கவனத்தோடு கற்பித்தலே அதன் நோக்கம். அறிவு பிறவியில் நிறுத்தளந்து கொடுக்கப்பட்ட பொருள் என்னும் கொள்கையை அவர் மறுத்தார். பயிற்சியால் அது வளரும் என்று 1909இல் எழுதிய நூலில் வற்புறுத்தினார். 1911இல் அவர் காலமானார். கருவி பிறர் கைக்குச் சென்றது. அதனை ஆக்கியோனின் எச்சரிக்கையோ உடன்செல்லவில்லை.

அமெரிக்கர் 1917இல் உலக யுத்தத்தில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 17 லட்சம் பேரைச் சோதித்தனர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்க்கு ‘ஆல்பா’ எனவும், தெரியாதவர்க்குப் படங்களாலான ‘பீட்டா’ எனவும் இருவகை வினாத்தாள்கள் இருந்தன. அமெரிக்கக் கடைச்சரக்கின் பெயர்களும் அந்நாட்டுப் பந்தாட்டக்காரர் பெயர்களும் ஆல்பாவில் அறிவுக்கு அளவையாக வைக்கப்பட்டன. கப்பலிலிருந்து நேற்று இறங்கிய இத்தாலிய உழவன் அவற்றை எங்ஙனம் அறிவான்? அறியாமையால் அவன் மதிப்பெண் தாழ்ந்தது. கார்ல் பிரிகாம் என்னும் பேராசிரியர் 1923இல், இம்மதிப்பெண்களைக் கொண்டு, ஐரோப்பாவின் தெற்கிலும் கிழக்கிலுமிருந்து வருவோர் பிறவியிலேயே அறிவிற் குறைந்தவர் என்று நூல் எழுதினார். 1924இல் அந்நாட்டார் குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைக்கும் சட்டம் இயற்றிய காலத்தில் இத்தகைய கருத்துகளே அங்குப் பரவியிருந்தன. 1930இல் அதே பிரிகாம், மொழியும் பழக்கமும் வேறாகிய கூட்டத்தாரை இவ்வாறு ஒப்பிடுதல் செல்லாது என ஒப்புக்கொண்டு, தம் முடிபை வெளிப்படையாகக் கைவிட்டார்.

நம் சங்கத்துப் பத்திரிகையில் இதனை இத்துணை விரித்தமைக்குக் காரணம் உண்டு. “இன்ன சாதிக்குக் கணக்கு வரும், இன்ன சாதிக்கு வாராது” என்னும் பேச்சு நம் வீட்டுத் திண்ணைகளிலும் கேட்கப்படுகின்றது. பிறர் நம்மைத் தாழ்த்தி அவ்வாறு சொல்லுங்கால் சினக்கின்றோம். நாமே நம்மை உயர்த்தியோ பிறரைத் தாழ்த்தியோ சொல்லுங்கால் மகிழ்கின்றோம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். தலைமுறை தலைமுறையாக எழுத்தோடு பழகிய வீட்டுப் பிள்ளைக்கும், தந்தை கையொப்பமிடக் கற்றதே பெரிதெனக் கருதப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கும் மதிப்பெண் வேறுபடின், அவ்வேறுபாடு வீட்டிலிருந்த புத்தகத்தின் அளவே ஒழிய, இரத்தத்தின் அளவன்று. மதிப்பெண்ணைக் குலத்தின் தலையெழுத்தாகக் கொண்டு வருந்தும் பெற்றோர்க்குப் பிரிகாமின் சரித்திரமே விடையாகும்.

நம் நாட்டில் இக்கலை கல்லூரிகளின் வழியே புகுந்தது. கல்கத்தா சர்வகலாசாலையில் 1916இல் நரேந்திரநாத சென்குப்தாவின் கீழும், மைசூரில் 1924இல் எம். வி. கோபாலசுவாமியின் கீழும், சென்னையில் 1943இல் ஜி. டி. போவாஸின் கீழும் மனோதத்துவப் பகுதிகள் தொடங்கின. 1922ஆம் ஆண்டளவில் லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் என்பவர் பினேயின் அளவையை இந்துஸ்தானிக்கு ஏற்ப மாற்றினார். 1930களில் தார்வாரில் வி. வி. காமத் என்பவர் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப அதனைத் திருத்தியமைத்தார். அயல்நாட்டுக் கோலை அப்படியே நம் பிள்ளைகள் மேல் வைத்தல் ஆகாது என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

உத்தியோகத்துக்கு மனப்பரீட்சை வந்தது இரண்டாம் உலக யுத்தத்தினால். சிறிது நேரம் நேரிற் பேசிப் பார்த்து அதிகாரிகளை எடுக்கும் பழைய முறை போதாமையால், பிரிட்டிஷ் சேனையார் 1942இல் தெரிவுக் குழுக்களை ஏற்படுத்தினர். அதனைப் பின்பற்றி 1943இல் டேராடூனில் இந்தியாவின் முதற் குழு அமைந்தது. சுதந்திரத்தின்பின், 1949இல் இதற்கென ஓர் ஆராய்ச்சிப் பிரிவு தோன்றி, 1962இலும் 1982இலும் பெயர் மாறி, இன்று டில்லியில் பாதுகாப்பு உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் என விளங்குகின்றது. ரயில்வேயிலோ விபத்துகளே வழிகாட்டின. பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1962இல் அமைந்த விபத்து விசாரணைக் குழுவின் ஆலோசனையை ஒட்டி, லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தில் 1964இல் மனப்பரீட்சைப் பிரிவு ஏற்பட்டது. கைகாட்டியைக் கவனிக்கத் தவறும் ஒருவனால் நூற்றுக்கணக்கானோர் உயிர் போகும் வேலையாதலின், கவனத்தை அளந்தே ஆளை எடுத்தல் நேரியதே. விழுப்புரம் காட்பாடி மார்க்கத்தில் நம் திருவண்ணாமலை நிலையத்தைக் கடந்து நாடோறும் வண்டியேறுவோர் இதனை எளிதில் உணர்வர்.

இப்போது இப்பரீட்சைகள் நடக்கும் முறையைச் சொல்வாம். சேனையின் தெரிவுக் குழுவில் பரீட்சை ஐந்து நாள் நடைபெறும். மனோதத்துவப் பகுதியில் 12 முறை கதை எழுதவேண்டும். அவற்றுள் 11 படங்கள், ஒன்று வெற்றுத்தாள். படத்தை அரை நிமிஷம் பார்த்து நான்கு நிமிஷத்தில் கதையை முடித்தல் வேண்டும். அடுத்து 60 சொற்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். 15 விநாடிக்குள் மனத்திற் பட்டதை வாக்கியமாக்கவேண்டும். பின்னர் 60 இக்கட்டான நிலைமைகளைக் கூறி, ‘நீ யாது செய்வாய்?’ என அரைமணி நேரத்தில் விடை கேட்பர். ஒருவர் எழுத்தைக் கொண்டும், ஒருவர் நேர்ப்பேச்சைக் கொண்டும், ஒருவர் வெளியிற் கூட்டாகச் செய்யும் வேலையைக் கொண்டும் தனித்தனியே மதிப்பிடுவர். மனம், வாக்கு, காயம் என நம் பெரியோர் கூறிய மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்பதே ஆங்குக் காணப்படுவது.

ரயில்வேயில் நிலைய அதிபர்க்கும் உதவி ஓட்டுநர்க்கும் உரிய பரீட்சை கணினியில் நடப்பது. உதவி ஓட்டுநர்க்கு ஞாபகம், கட்டளையைப் பின்பற்றல், தூரமும் ஆழமும் காணல், கவனக் குவிவு, கண்டதை விரைந்தறிதல் என்னும் ஐந்தையும் அது சோதிக்கும். 2018ஆம் ஆண்டு உதவி ஓட்டுநர்க்கான அறிவிக்கையின்படி, ஐந்தில் ஒவ்வொன்றிலும் தனித்தனியே 42 பெறுதல் வேண்டும்; எவ்வகுப்பினர்க்கும் அதிற் சலுகையில்லை. இந்த 42 என்பது நூற்றுக்கு நாற்பத்திரண்டு அன்று. எழுதியோரின் சராசரியை 50 என வைத்து அதிலிருந்து கணக்கிடும் எண் அது. ஆகவே நான்கிற் சிறந்து ஒன்றிற் சறுக்கினவனும் வெளியே நிற்பான். வேகமாக விடையெழுதும் சாமர்த்தியம் உடையவனும், ஐந்தையும் ஒருபடித்தாகப் பழகாவிடின் தவறுதற்கு இதுவே காரணம்.

இனி, ‘எதைப் படிப்பது?’ என்னும் வினாவுக்கு வருவோம். மனப்பரீட்சையை இரு கூறாகப் பிரித்துக்கொள்க. ஒன்று திறமையை அளப்பது. மற்றொன்று இயல்பை அளப்பது. திறமைக்கூறு பயிற்சிக்கு வசப்படும். ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தார் தம் வலைத்தளத்திலேயே மாதிரி வினாக்களை வெளியிட்டுள்ளனர். காசு கொடுத்து வாங்கவேண்டுவதில்லை. அவற்றைக் கடிகாரத்தை முன்வைத்துக் கணினித் திரையிலேயே பழகுதல் வேண்டும். காகிதத்திற் பழகியவன் திரையைக் கண்டு தடுமாறுவான். கேள்வியின் வடிவம் புதிதாயிருத்தலே பலர்க்குப் பாதி இடையூறு. வடிவம் பழகிவிட்டால் உண்மைத் திறமை வெளிப்படும். சர்க்காரின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களுள் 25 இத்தகைய புத்திக் கணக்குகளே. அவற்றுக்கும் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதமும் அன்றாடப் பயிற்சியுமே மருந்து. முந்திய இரவு கண்விழித்தல் தீங்கே தரும். கவனத்தை அளக்கும் பரீட்சைக்கு உறக்கமும் ஒரு பாடமாகும்.

இயல்புக்கூறு வேறு வகையினது. கம்பெனிகளில், ‘நான் எளிதிற் சினங்கொள்வதில்லை’, ‘கூட்டமாக வேலை செய்தல் எனக்கு விருப்பம்’ என்றாற்போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, ‘ஆம், அன்று’ எனக் குறிக்கச் சொல்வர். இதற்கு விடைகளை மனப்பாடம் செய்விப்பதாகச் சொல்லிப் பணம் பறிப்போர் பெருகியுள்ளனர். நம் இளைஞர் அவர் வலையில் வீழ்தல் கூடாது. 1943இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வெளியான புகழ்பெற்ற வினாத்தொகையிலேயே, பொய்யைக் கண்டுபிடிக்கும் வாக்கியங்கள் உள்ளே மறைத்து வைக்கப்பட்டிருந்தன. ‘நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, ஒருநாளும் சினந்ததில்லை’ என்று முனிவர்போல் விடையிறுப்பவனை அவை காட்டிக்கொடுக்கும். ஒரே கருத்து வேறு வேறு சொற்களில் மீண்டும் வருதலும் உண்டு. முன்னுக்குப்பின் முரணாக விடையிறுப்பவன் அகப்படுவான். ஒருகால் அகப்படாது தப்பினும் ஆவதென்ன? தன் இயல்புக்கு ஒவ்வாத வேலையிற் புகுந்து நாடோறும் வேடம் பூண்டு வாழ்தலே அதன் பயன்.

அங்ஙனமாயின் இயல்புக்கு ஆயத்தமே இல்லையோ எனின், உண்டு. அது நெடுநாளைய ஆயத்தம். தன்னைத்தான் அறிதல் அதன் முதற்படி. தான் செய்து முடித்த வேலை எது, தவறிய இடம் எது, பிறரோடு பிணங்கியபோது என்ன செய்தோம் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தல் நலம். சேனைத் தெரிவில் ‘உன் பெற்றோரும் ஆசிரியரும் நண்பரும் உன்னைப்பற்றி யாது நினைக்கின்றனர்?’ என எழுதச் சொல்வர். வாழ்நாளில் ஒருமுறையும் அதனை எண்ணாதவன் கால்மணி நேரத்தில் எதை எழுதுவான்? அடுத்தது பொறுப்பு ஏற்றல். விளையாட்டுக் குழு, ஊர்த்திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல், சங்கத்தின் கணக்கு இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தன் தலைமேற் போட்டுக்கொண்டு நடத்தியவனுக்கு, இக்கட்டான நிலைமை பற்றிய கேள்வி புதிதாயிராது. உத்தரமேரூரார் கணக்குக் காட்டியவனா என்று கேட்டதும் இதனையே.

பரீட்சைக்கு நாம் நம்மைத் திருத்திக்கொள்ளுதல் போலவே, பரீட்சையையும் திருத்தக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அமெரிக்காவில் டியூக் மின்சாரக் கம்பெனியார், முன்பு நீக்ரோவர் எனப்பட்ட கறுப்பின மக்களைக் கூலி வேலையன்றிப் பிற வேலைகளில் வைத்ததில்லை. 1965இல் சட்டம் அதனைத் தடுத்தவுடன், உயர்பள்ளிச் சான்றும் அறிவுப் பரீட்சைத் தேர்ச்சியும் வேண்டும் என்று விதித்தனர். கிரிக்ஸ் என்னும் தொழிலாளர் முதலாயினோர் வழக்காடினர். வேலைக்குத் தொடர்பு காட்ட இயலாத பரீட்சையால் ஒரு கூட்டத்தாரை விலக்குதல் ஆகாது என அந்நாட்டு உச்ச நியாயஸ்தலம் 1971இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் மத்தியத் தேர்வாணையத்தார் 2011இல் புகுத்திய புத்திப்பரீட்சைத் தாள், தாய்மொழியிற் கற்ற மாணவர்க்குப் பாதகமென்று 2014இல் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 2015இல் அத்தாளில் நூற்றுக்கு 33 பெற்றால் போதும் என்றும், வரிசைக்கு அது கணக்கிடப்படாதென்றும் விதி மாறிற்று.

மொழியே இங்கு முதன்மையான செய்தி. முற்கூறிய 2018ஆம் ஆண்டு ரயில்வே அறிவிக்கையில், முற்பரீட்சைகளைத் தமிழில் எழுதலாம். மனப்பரீட்சையோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்றிருந்தது. தமிழ் நிலத்து நிலையத்தில் தமிழரோடு பழகப்போகும் ஒருவனது கவனத்தை அளக்கப் புகுந்து, வேற்று மொழியில் அவன் வேகத்தை அளத்தல் அளவையின் வழுவாகும். கோட்டைக் கல்லூரியில் இளந்துரைமார்க்குத் தமிழ் வேண்டுமென்று விதித்தவர்க்கு இருந்த நியாயம் இன்றும் வேண்டும். தமிழ்நாட்டு அரசின் தேர்வுகளில் தமிழ்த் தகுதி கட்டாயமென்று 2021இல் ஆணை பிறந்தமையும், நான்காம் தொகுதியில் நூறு வினாக்கள் தமிழிலேயே அமைந்தமையும் இவ்வகையில் ஆறுதலாம். மத்திய சர்க்காருக்கு இதுபற்றி முறையாக மகஜர் அனுப்புதல் நம் சங்கத்தின் கடமை. மகஜர் பயன்தரும் வரை, எளிய ஆங்கிலக் கட்டளைகளை விரைந்து படிக்கப் பழகுதல் நம் இளைஞரின் கடமை.

சங்கத்தார் செய்யத்தக்கன சிலவற்றைச் சொல்லி முடிப்போம். நகரத்தில் மாலைதோறும் திறந்திருக்கும் வாசகசாலை ஒன்று வேண்டும். அங்குக் கணினிகள் சிலவும், பழைய வினாத்தாள்களும், நாள்தோறும் வரும் பத்திரிகைகளும் இருத்தல் வேண்டும். செங்கம், போளூர், ஜவ்வாது மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து வரும் மாணவர் கடைசிப் பேருந்துக்கு முன் வீடு திரும்பும்படி நேரம் அமைக்கப்பட வேண்டும். ரயில்வேயிலும் சேனையிலும் பணிபுரியும் நம்மவர் விடுமுறையில் வரும்போது ஒரு மாலையைப் பிள்ளைகளுக்கு ஈதல் வேண்டும். செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பிக்கும் பெண்மக்களையும் இதில் விலக்காது சேர்த்தல் வேண்டும். பாதிப் பிள்ளைகளை வாயிலில் நிறுத்திவிட்டு நம் குலம் முன்னேற வேண்டுமெனல் உத்தரமேரூர்க் குடத்தின் குறையை நாமே மீண்டும் செய்வதாகும். வறிய வேற்றுக்குலத்துப் பிள்ளை வந்து அமர்ந்தாலும், எழுந்துபோ என்னாதிருப்பதே வாசகசாலைக்கு அழகு.

தவறிய பிள்ளையின் பெற்றோர்க்கு ஒரு சொல். அர்த்தசாஸ்திரம் நான்கு சோதனையிலும் தவறியவனுக்கும் ஒரு பணி வைத்திருந்தது. ஒரு பரீட்சை, ஒரு நாளில், ஒரு வேலைக்கு, ஒருவன் பொருந்துவானா என்று மட்டுமே கூறவல்லது. அவன் யாவன் என்றும், அவன் குலம் எத்தகையது என்றும் கூற அதற்கு அதிகாரமில்லை. ஆகவே தவறிய மகனைத் திண்ணையில் நிறுத்தி இகழாது, அடுத்த விண்ணப்பத்தின் கடைசித் தேதி யாதென வினவுங்கள். பினே தம் அளவையை ஆக்கியது பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிடுதற்கே. அக்கருத்தை நம் சங்கமாவது நிறைவேற்றுமாயின், அண்ணாமலையார் திருவருள் துணைநிற்கும்.